கிங்டம் ரஷ்: பாரக்ஸ் டவர் வீண் செலவா?

கேள்வி, 2025 ஜனவரி 11

கிங்டம் ரஷ் முதல் பாகம் இப்போதுதான் ஆட ஆரம்பித்திருக்கிறேன். டவர் டிஃபென்ஸ் விளையாட்டு: பாதையில் வரும் எதிரிகள் வெளியே போய்விடாமல் டவர் கட்டித் தடுக்க வேண்டும். அம்பு விடும் ஆர்ச்சர், மந்திரம் ஏவும் மேஜ், குண்டு வீசும் ஆர்ட்டிலரி மூன்றும் எதற்கென்று புரிகிறது. பாரக்ஸ் மட்டும் புரியவில்லை. மூன்று வீரர்கள் வருகிறார்கள், நாலு அடி வாங்குகிறார்கள், சாகிறார்கள். அந்த 70 காசுக்கு இன்னொரு ஆர்ச்சர் கட்டிவிடலாம். பாரக்ஸ் வீண் செலவு என்பது என் கருத்து. யாராவது மறுக்கிறீர்களா?

ஜனவரி 11, இரவு

மறுக்கிறேன். அந்த விளையாட்டின் முதுகெலும்பே பாரக்ஸ்தான். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 12

ஆர்ச்சர் 70, பாரக்ஸ் 70, மேஜ் 100, ஆர்ட்டிலரி 125. இந்த நான்கில் மூன்று சுடும், ஒன்று நிறுத்தும். சுடுகிற டவரின் பலத்தை அதன் டேமேஜ் எண்ணை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறோம். எதிரி அதன் தாக்கும் வட்டத்துக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடந்துகொண்டே போகிற ஆர்க் என்ற எதிரி ஆர்ச்சரின் வட்டத்தைச் சில நொடிகளில் கடந்துவிடுவான். அதே வட்டத்தின் நடுவில் ஒரு வீரன் மறித்து நின்றால், அந்த வீரன் விழும்வரை ஆர்க்கால் ஓர் அடி நகர முடியாது. அவ்வளவு நேரமும் அம்பு விழுகிறது. பக்கத்தில் மேஜ் இருந்தால் மந்திரமும் விழுகிறது. ஆர்ட்டிலரிக்கு லாபம் இன்னும் அதிகம். குண்டு மெதுவாக வந்து விழும். ஓடுகிற ஓநாய் அதற்குள் அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். நிற்கிற ஓநாய் மேல் குண்டு தப்பாமல் விழும்.

ஆக, அந்த 70 காசு கொடுத்து வாங்குவது நேரம். சுற்றியிருக்கும் டவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் கிடைக்கும் நேரம். இன்னொரு ஆர்ச்சர் கட்டினால் ஒரு ஆர்ச்சர்தான் கூடும். பாரக்ஸ் கட்டினால் ஏற்கெனவே கட்டியவை எல்லாம் கூடுதலாகச் சுடும்.

கபடியில் கால் பிடிப்பவரை நினைத்துப் பாருங்கள். ரெய்டு வந்தவனை அவர் தனியாகச் சாய்த்துவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கோட்டைத் தொடவிடாமல் பிடித்து வைத்தால் போதும், மற்றவர்கள் வந்து விழுவார்கள். பாரக்ஸ் வீரர்களின் வேலை அதுதான். அவர்கள் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று கேட்பதே பொருந்தாத கேள்வி.

ஜனவரி 12, மாலை

ராலி பாயிண்ட் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதற்கு அர்த்தமே இல்லை. பாரக்ஸைத் தொட்டால் ஒரு கொடி வரும். அந்தக் கொடியை எங்கே வைக்கிறீர்களோ அங்கேதான் மூவரும் நிற்பார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. டவர் கட்டியதும் வீரர்கள் தாமாகப் போய் நிற்கும் இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். "வந்தார்கள், செத்தார்கள்" என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது.

நான் கொடி வைக்கும் விதம் இது: இரண்டு மூன்று டவர்களின் வட்டங்கள் எங்கே ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவோ அங்கே வைப்பேன், அதிலும் எதிரி வரும் பக்க ஓரத்தை ஒட்டி. வீரர்கள் செத்தாலும் எதிரி மிச்ச வட்டம் முழுவதையும் நடந்து கடக்க வேண்டியிருக்கும். வட்டத்தின் கடைசி ஓரத்தில் வைத்தால், வீரன் விழுந்த மறுகணமே எதிரி வெளியே போய்விடுவான்.

இன்னொன்று. ஒரு வீரன் ஒரு நேரத்தில் ஒருவனைத்தான் பிடிப்பான். மூன்று வீரர் என்றால் மூன்று பேர். நாலாவது ஆள் அருகிலேயே நடந்து போய்விடுவான். ஓநாய்க் கூட்டமும் சிலந்திக் குஞ்சுகளும் வரும்போது இது பெரிய ஓட்டை. அதனால் ஒரே இடத்தில் இரண்டு பாரக்ஸ் வைப்பதைவிட, ஒன்று முன்னால், கசிந்து வருகிறவர்களைப் பிடிக்க ஒன்று பின்னால் என்று தள்ளி வைப்பது எனக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது.

ஜனவரி 13

பறப்பவற்றைப் பாரக்ஸ் தடுக்காதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மை. கார்காயில் தலைக்கு மேலே போய்விடும். அதற்கு ஆர்ச்சரும் மேஜும் வேண்டும். சாதாரண ஆர்ட்டிலரியாலும் பறப்பவற்றை அடிக்க முடியாது. அதே டவரை மின்னல் பாய்ச்சும் டெஸ்லாவாக உயர்த்தினால் அடிக்கும். பாரக்ஸ் மட்டும் கட்டி ஜெயிக்கலாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

ஜனவரி 14

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். இந்த விளையாட்டு ஏன் பாரக்ஸை நடுவில் வைத்தது என்பது அதற்கு முன் வந்தவற்றைப் பார்த்தால் தெரியும்.

வார்கிராஃப்ட் 3 வெளியான பிறகு ரசிகர்கள் அதன் மேப் எடிட்டரில் டவர் டிஃபென்ஸ் மேப்களாகக் கட்டித் தள்ளினார்கள். 2007இல் டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ் பிரௌசரில் வந்தது. அதில் பாதை என்று ஒன்றே கிடையாது. வெட்டவெளி. நீங்கள் டவர்களையே சுவராக அடுக்கிச் சுற்றுப்பாதை கட்டுவீர்கள். எதிரி வளைந்து வளைந்து போவான். அங்கே நேரத்தை உண்டாக்குவது பாதையின் நீளம். 2009இல் பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பிஸ் வந்தது. அதில் வால்நட் இருக்கிறது. அது யாரையும் அடிக்காது, சும்மா நிற்கும். ஸோம்பி அதைத் தின்று முடிப்பதற்குள் பின்னால் இருக்கும் பட்டாணிச் செடிகள் சுட்டுத் தள்ளும். வால்நட் வீண் செலவு என்று சொல்லும் ஆளை நான் பார்த்ததில்லை.

கிங்டம் ரஷ் 2011 ஜூலையில் ஆர்மர் கேம்ஸ் தளத்தில் ஃபிளாஷ் விளையாட்டாக வந்தது. செய்தவர்கள் உருகுவேயின் தலைநகர் மொண்டேவிடியோவில் இருக்கும் ஐயன்ஹைட் கேம் ஸ்டுடியோ. இதில் பாதையை மாற்ற முடியாது. டவர் கட்டும் இடங்களையும் மாற்ற முடியாது. அவர்கள் குறித்து வைத்த மண்மேடுகளில்தான் கட்டலாம். சுற்றுப்பாதை கட்டும் வழி அடைபட்டுவிட்டது. எதிரியின் நடையைத் தாமதப்படுத்த ஆடுகிறவர் கையில் முதல் நிமிடத்திலிருந்து இருப்பது வீரர்களும் அந்தக் கொடியும்தான். வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். பாதையையும் மேடையையும் பூட்டிவிட்டு ராலி பாயிண்டை மட்டும் எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்று விட்டிருப்பதைப் பாருங்கள்.

ஜனவரி 15

காசுக்கு எவ்வளவு டேமேஜ் என்று பட்டியல் போட்டு மேஜ்தான் சிறந்தது என்கிறார் ஒரு நண்பர். உழைத்துப் போட்டிருக்கிறார், மறுக்க மனமில்லை. ஆனால் பட்டியலில் எதிரியின் கவசம் இல்லை. டார்க் நைட் மாதிரி கனத்த கவசக்காரன் மேல் அம்பு பட்டாலும் பெரிதாகக் காயம் விழாது, மேஜின் மந்திரம் முழுதாக இறங்கும். ஷாமனும் ராட்சசச் சிலந்தியும் வந்தால் நிலைமை தலைகீழ். மந்திரத்துக்கு அவர்கள் மசியமாட்டார்கள், அம்புதான் வேண்டும். வேவ் (எதிரிகள் வரும் ஒவ்வோர் அலை) தொடங்கும் முன் பாதையில் தெரியும் மண்டை ஓட்டுக் குறியை ஒருமுறை தொட்டால் அடுத்து யார் வரப்போகிறார்கள் என்று காட்டும். எந்தப் பட்டியலையும்விட அதைப் பார்த்துக் கட்டுவதுதான் நல்லது.

ஜனவரி 19

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். டேப்லெட்டில் சவுத்போர்ட் லெவலை ஆடக் கொடுத்தேன். இந்த இழையில் கேட்ட அதே கேள்வியை ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட்டான்.

"மாமா, இவங்க சும்மா நின்னு அடி வாங்கிட்டே இருக்காங்க. எதுக்கு இவங்க?"

"வித்துட்டு ஆடிப் பாரேன்" என்றேன்.

விற்றான். போட்ட காசு முழுதாகத் திரும்பவில்லை என்று அதற்கு ஒரு கோபம். அந்த இடத்தில் ஆர்ச்சர் கட்டினான். அடுத்த வேவில் கோப்ளின்கள் வரிசையாக நடந்து வெளியே போயின. ஒன்றும் பேசாமல் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினான். இந்த முறை முதலில் கட்டியது பாரக்ஸ். கொடியை நானே எதிர்பார்க்காத இடத்தில் கொண்டுபோய் வைத்தான்: வளைவு முடிகிற இடத்தில். அங்கே நின்றால், எதிரி வளைவுக்குள் நுழையும்போதே ஆர்ச்சர் சுட ஆரம்பித்துவிடுகிறது; வளைவு முடிகிற இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் அதே ஆர்ச்சர் சுடுகிறது. ஒரே டவருக்கு இரண்டு முறை வாய்ப்பு.

நான் மேலே சொன்ன "எதிரி வரும் பக்க ஓரம்" நேர்ப்பாதைக்குப் பொருந்தும். வளைவு இருந்தால் பையன் சொன்ன இடம். இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 20

நேற்று இரவு படுத்தபிறகு ஒன்று தோன்றியது. நேரத்தை வாங்குகிறோம் என்று எழுதினேனே, அந்த நேரம் நமக்கு மட்டும் பயன்படுவதில்லை. எதிரிகளில் சிலருக்கு நேரம் கிடைப்பதுதான் வேண்டியதே.

ட்ரோல் எடுத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட காயம் தானாக ஆறும். டவர்களின் வட்டத்துக்கு வெளியே வீரர்கள் அவனை மறித்து வைத்தால், அவன் நிதானமாக அவர்களை அடித்துக்கொண்டே தன் உடம்பையும் தேற்றிக்கொள்வான். ஷாமன் கூட்டத்தோடு வருவான், சுற்றியிருப்பவர்களைக் குணப்படுத்துவான். பெரிய சிலந்தி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். நெக்ரோமான்சர் எல்லாரையும்விட மோசம். தூரத்தில் நின்று எலும்புக்கூடுகளை எழுப்பிக்கொண்டே இருப்பான். நம் வீரர்கள் எலும்புக்கூடுகளோடு மல்லுக்கட்டுவார்கள், பின்னாலிருந்து புதிது புதிதாக வந்துகொண்டிருக்கும்.

எனவே நேரம் யார் பக்கம் இருக்கிறது என்று வேவுக்கு வேவு பார்க்க வேண்டும். கவசக்காரன், கொள்ளையன், ஓகர் இவர்களிடம் நேரம் நம் பக்கம். ஷாமன், நெக்ரோமான்சர், சிலந்தி இவர்களிடம் அவர்கள் பக்கம். அங்கே ஒரே அடியில் முடிக்கிற ஆள் தேவை. ஆர்ச்சரை நாலாம் நிலைக்கு உயர்த்தினால் வரும் மஸ்கெட்டியரின் ஸ்னைப்பர் ஷாட், மேஜை உயர்த்தினால் வரும் ஆர்கேன் விஸார்டின் டெத் ரே. ட்ரோல் நடுவில் இருக்கிறான்: டவர் வட்டத்துக்குள் மறித்தால் நம் பக்கம், வெளியே மறித்தால் அவன் பக்கம். கொடியை ஒரு விரல் அகலம் நகர்த்தினால் கணக்கு மாறிவிடும்.

இதை யோசித்த பிறகு எனக்கு இந்த விளையாட்டின் மேல் மரியாதை இன்னும் கூடியிருக்கிறது.

ஜனவரி 20, பிற்பகல்

டெத் ரே பாஸிடம், அதாவது சில லெவல்களின் கடைசியில் வரும் பெரிய எதிரியிடம், செல்லாது. யாரோ அதை நம்பிக் காசைச் சேர்த்து வைத்ததாக எழுதியிருந்தார்கள், அதனால் சொல்கிறேன். எதிரியைப் பாதையில் பின்னுக்கு அனுப்பும் டெலிபோர்ட்டும் பாஸிடம் எடுபடாது.

ஜனவரி 26

பாலடினா பார்பேரியனா என்று கேட்கிறீர்கள். நாலாம் நிலையில் பாரக்ஸ் இரண்டாகப் பிரியும். ஹோலி ஆர்டரில் பாலடின்கள்: கனத்த கவசம், தங்களைத் தாங்களே குணப்படுத்திக்கொள்வார்கள். மீட் ஹாலில் பார்பேரியன்கள்: கவசம் கிடையாது, அடி பலமாக விழும், கோடரியும் எறிவார்கள்.

நான் பெரும்பாலும் பாலடின்தான். இந்த இழை முழுக்கச் சொல்லி வரும் காரணமேதான், நிற்கிறவன் வேண்டும். பார்பேரியன் அடிக்கிறான், சரி. ஆனால் அடிக்க ஏற்கெனவே டவர்கள் இருக்கின்றன. அப்படியும் பார்பேரியனுக்கு ஓர் இடம் இருக்கிறது. எறிகோடரி வாங்கிவிட்டால் பறக்கிறவற்றையும் தாக்குவான். பாதையின் கடைசியில், ஆர்ச்சர் கட்ட மேடை மிச்சமில்லாத லெவலில், அவனை வைத்துச் சமாளித்திருக்கிறேன்.

டீமன்கள் வரும் லெவல்களில் பாலடினும் படாதபாடு படுவான். டீமன் சாகும்போது வெடிக்கும். பக்கத்தில் நிற்கும் வீரர்களைச் சேர்த்துக் கொண்டுபோகும். அங்கே மறிப்பவர்களை மறுபடி மறுபடி இழக்க நேரும் என்று தெரிந்தே ஆட வேண்டும். லெவல் ஜெயித்துச் சேர்த்த ஸ்டார் கொடுத்து வாங்கும் அப்கிரேடில் பாரக்ஸ் வரிசையைப் பாருங்கள், வீரர்கள் சீக்கிரம் திரும்பி வருவதற்கு ஒன்று இருக்கிறது. டீமன் லெவலுக்கு முன் அதைப் போட்டுவிடுங்கள். ஸ்டார்களை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்து மாற்றிப் போடலாம், இழப்பு ஒன்றும் இல்லை. இந்தச் சலுகையை நிறையப் பேர் பயன்படுத்துவதே கிடையாது.

பிப்ரவரி 2

மேஜின் இன்னொரு நாலாம் நிலையான சார்சரர் பற்றி யாரும் பேசாதது வருத்தமாக இருக்கிறது. ஆர்கேன் விஸார்டுக்கே எல்லாப் புகழும் போகிறது. சார்சரரின் ஒவ்வோர் அடியும் எதிரிக்குச் சாபம் போட்டுக் கவசத்தைக் குறைக்கும். பக்கத்தில் ஆர்ச்சரின் நாலாம் நிலையான ரேஞ்சர்ஸ் இருந்தால், முன்பு பட்டுத் தெறித்த அம்பு இப்போது உள்ளே இறங்கும். அவன் வரவழைக்கும் கல்பூதம் தனியாக நின்று வழி மறிக்கும். மேஜ் டவருக்குள்ளேயே ஒரு சின்ன பாரக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரியைச் செம்மறியாடாக மாற்றும் வித்தையும் அவனுடையதுதான். கோபமாக வந்த ட்ரோல் ஒரு நொடியில் வெள்ளை ஆடாக நின்று விழிப்பதைப் பார்த்து அக்கா மகன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிப்ரவரி 2, இரவு

ஆடு என்றதும் ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். ஆமாம், லெவலில் மேயும் ஆடுகளைத் திரும்பத் திரும்பத் தொட்டால் வெடிக்கும். அதற்கு ஓர் அச்சீவ்மென்ட்டும் உண்டு. இப்படி மேப் முழுக்கச் சின்னச் சின்ன விஷயங்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். டவர் டிஃபென்ஸ் என்றால் கட்டங்களும் எண்களும்தான் என்றிருந்த காலத்தில், ஒவ்வொரு வீரனுக்கும் தனி நடை, தனி அடி, சாகும்போது தனிக் கூச்சல் என்று வரைந்திருந்தார்கள். கட்டைவிரல் நகத்தளவு உருவம்தான், ஆனாலும் யார் ஷாமன், யார் ஆர்க் என்று கூட்டத்தில் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அவசரத்தில் முடிவெடுக்க வேண்டிய விளையாட்டுக்கு இது அழகு சார்ந்த விஷயம் மட்டுமே கிடையாது. யார் வருகிறார் என்று தெரியாவிட்டால் கொடியை எங்கே நகர்த்துவது?

பிப்ரவரி 8

வேவை முன்கூட்டியே கூப்பிடுவது பற்றி. மண்டை ஓட்டை இரண்டாம் முறை தொட்டால் நேரம் முடியும் முன்பே அடுத்த வேவ் வரும். மிச்சமிருந்த நேரத்துக்கு ஏற்பக் காசு கிடைக்கும், நாம் கையால் ஏவும் ரெயின் ஆஃப் ஃபயரும் (நெருப்பு மழை) ரீயின்ஃபோர்ஸ்மென்ட்டும் (துணை வீரர்கள்) சீக்கிரம் தயாராகும். இதுவும் நேரத்தை விற்று வாங்கும் வியாபாரம்தான். பாரக்ஸில் காசு கொடுத்து நேரம் வாங்குகிறோம், இங்கே நேரத்தைக் கொடுத்துக் காசு வாங்குகிறோம். முதல் இரண்டு மூன்று வேவை முன்கூட்டியே கூப்பிட்டு, வந்த காசில் ஒரு மேஜை சீக்கிரம் உயர்த்திவிட்டால் நடுப்பகுதி சுலபமாகிவிடும். வெட்டரன் என்ற கடின நிலையில் இதைச் செய்யாமல் மூன்று ஸ்டார் எடுப்பது எனக்குச் சிரமமாகவே இருந்தது. 20 உயிரில் குறைந்தது 18 மிஞ்ச வேண்டும், ஓகர் மாதிரி ஒருவன் நுழைந்தாலே ஒன்றுக்கு மேல் போய்விடும்.

பிப்ரவரி 9

ஹீரோக்கள். இதில் என்னோடு சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும்.

முதலில் வந்த விளையாட்டில் ஹீரோ கிடையாது. பின்னால் வந்த அப்டேட்டில் சேர்த்தார்கள். ஜெரால்டு, அல்லேரியா, போலின், மேக்னஸ், இக்னஸ் என்று ஒரு பட்டாளமே வந்தது. மொபைலில் சிலர் இலவசம், சிலருக்குத் தனியாகக் காசு. 2014இல் வந்த ஸ்டீம் பதிப்பில் எல்லாரும் சேர்ந்தே வருகிறார்கள். கணினி இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

காசு விஷயத்தைவிட எனக்கு வேறு ஒரு மனக்குறை. ஹீரோ என்பவன் எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடிய பாரக்ஸ். தவறான இடத்தில் கொடி வைத்திருந்தாலும் ஹீரோ ஓடிப்போய் அடைத்துவிடுவான். முதல் பாகத்தின் லெவல்கள் ஹீரோ இல்லாத கணக்கில் பிறந்தவை. ஹீரோவோடு ஆடினால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. புதிதாக வருகிறவர்கள் முதல் தடவை ஹீரோ இல்லாமல் சாதாரணக் கடினத்தில் 12 லெவலையும் முடித்துப் பாருங்கள். அதன் சுவை வேறு.

பிப்ரவரி 10

நினைத்தபடியே சண்டைக்கு வந்துவிட்டீர்கள். ஒருவர் சொன்னதை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன்: ஹீரோ வந்த பிறகுதான் வேவ் ஓடும்போது கைக்கு வேலை கிடைத்தது, அதற்கு முன் டவர் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்ததுதான் மிச்சம் என்கிறார். இதில் நியாயம் இருக்கிறது. போலினின் தார், மேக்னஸ் உண்டாக்கும் மாய உருவங்கள், அல்லேரியா கூப்பிடும் காட்டுப்பூனை என்று பெரும்பாலான ஹீரோ வித்தைகள் எதிரியைத் தாமதப்படுத்தும் வகைதான். விளையாட்டின் அடிப்படையை அவை மீறவில்லை.

ஆனால் வேடிக்கை பார்த்தோம் என்பதை ஏற்க முடியாது. ரீயின்ஃபோர்ஸ்மென்ட் இருக்கிறதே. நொடிகளில் மறுபடி தயாராகிவிடும், காசு கிடையாது, பாதையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு பேரை இறக்கலாம். வேவ் ஓடும்போது நான் ஒரு கணமும் சும்மா இருந்ததில்லை. ஸ்டார்ம்கிளவுட் டெம்பிள் லெவலில் அந்தப் பெரிய பாஸ் ஜே.டி. வந்து டவர்களை உறைய வைக்கும்போது, பனியைத் தட்டித் தட்டி உடைத்துக்கொண்டே மறுபக்கம் ஆட்களை இறக்கிப் பாருங்கள். இரண்டு கை போதாது.

பிப்ரவரி 16

அடுத்தடுத்த பாகங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் கருத்து மட்டும்.

ஃபிரான்டியர்ஸ், 2013. என்னைப் பொறுத்தவரை தொடரின் உச்சம். பாலைவனம், காடு, பாதாளம். நாலு டவர் வகையும் அப்படியே இருக்கின்றன, ஆனால் நாலாம் நிலையில் எல்லைகளைக் கலைத்துப் போட்டார்கள். மேஜ் டவரிலிருந்து பிரியும் நெக்ரோமான்சர், செத்த எதிரிகளை எலும்புக்கூடுகளாக எழுப்பி நமக்காகப் பாதையில் நடத்துவான். போன பாகத்தில் நம்மைப் பாடாய்ப் படுத்தியவன் இப்போது நம் ஆள். ஆர்ட்டிலரியில் ஓர் இயந்திர மனிதன், அவனுக்கும் கொடி உண்டு. கொலைகாரர் சங்கத்து ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டே எதிரியிடம் காசு திருடுவார்கள். மறிப்பதற்கு வருமானமும் வருகிறது. பாரக்ஸின் யோசனையை மற்ற டவர்களுக்குள் பரப்பிய பாகம் என்று இதைச் சொல்வேன்.

ஆரிஜின்ஸ், 2014. எல்ஃப்களின் பூமி, பார்க்க அவ்வளவு அழகு. பாரக்ஸ் வீரர்கள் நெருங்கும் முன் அம்பு விடுவார்கள். ஆர்ட்டிலரி இடத்தில் கல் எறியும் ட்ரூயிட்கள்.

வெஞ்சன்ஸ், 2018. முதல் பாகத்தின் வில்லன் வெஸ்னான் பக்கம் நின்று ஆடுகிறோம். கதைக்கு நல்ல யோசனை. ஆனால் நாலாம் நிலையில் இரண்டாகப் பிரியும் வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். நிறைய டவர்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு லெவலுக்குள் போக வேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை, காரணம் இதுதான்: முடிவெடுக்கும் இடம் லெவலுக்கு வெளியே போய்விட்டது. முன்பு வேவ் ஓடிக்கொண்டிருக்கும்போது, இந்த மேடையில் பாலடினா பார்பேரியனா என்று பாதையைப் பார்த்து முடிவெடுப்போம். இப்போது மெனுவில் உட்கார்ந்து முடிவெடுக்கிறோம்.

அலையன்ஸ், 2024 ஜூலை. ஐந்து டவர் தேர்வு தொடர்கிறது, ஹீரோக்கள் ஒரே சமயத்தில் இரண்டு பேர். இதை இன்னும் முழுதாக ஆடித் தீர்க்கவில்லை. இரண்டு ஹீரோக்களை இரண்டு பாதையில் நிறுத்தினால் பாரக்ஸ் வகையே எடுக்காமல் சில லெவல்களை முடிக்க முடிகிறது. சிலருக்கு அது சுதந்திரம். எனக்கு அந்தக் கொடி இல்லாமல் கை வெறுமையாக இருக்கிறது.

பிப்ரவரி 17

ஐந்து டவர் முறைக்கு ஆதரவாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரே லெவலை வேறு வேறு கூட்டணியோடு ஆடலாம். ஃபிரான்டியர்ஸில் எனக்கு ஒரு வழக்கம் படிந்துவிட்டது, எந்த லெவலானாலும் அதே கட்டுமானம். வெஞ்சன்ஸில் அப்படிப் படியவில்லை. பிடிக்கவில்லை என்பதில் மாற்றமில்லை. ஆனாலும் அதை நீண்ட நாள் ஆடியிருக்கிறேன்.

பிப்ரவரி 22

பழைய ஃபிளாஷ் பதிப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதன் பிறகு பிரௌசர்களில் பழையபடி ஓடாது. கல்லூரிக் கணினி அறையில் நாங்கள் ஆடியது அந்தப் பதிப்புதான். மவுஸில் ஆடும்போது கொடியை வைப்பதில் ஒரு துல்லியம் இருக்கும். மொபைலில் விரல் பாதையையே மறைத்துவிடுகிறது. டேப்லெட்டில் பரவாயில்லை. சின்னத் திரையில் ராலி பாயிண்டைத் தொடாமல் விடுகிறவர்களைக் குறை சொல்லவே முடியாது, அங்கே அது கடினம்தான்.

மார்ச் 1

கடைசியாக அயர்ன் சேலஞ்ச். லெவலில் மூன்று ஸ்டார் வாங்கிய பிறகு ஹீரோயிக், அயர்ன் என்று இரண்டு சவால்கள் திறக்கும், ஆளுக்கு ஒரு ஸ்டார். அயர்னில் ஒரே ஒரு நீண்ட வேவ், ஒரே ஓர் உயிர், சில டவர் வகைகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். ஒரு கோப்ளின் தப்பினாலும் முடிந்தது.

இங்கே நான் செய்வது: முதலில் வெளிவாசலுக்குப் பக்கத்தில் பார்க்கிறேன், நடுவில் பார்ப்பதில்லை. எவ்வளவு காசு இருந்தாலும் கடைசி வளைவில் கசிவைப் பிடிக்க ஒரு ஏற்பாடு வேண்டும். பாரக்ஸ் அனுமதி இருந்தால் பாரக்ஸ். பூட்டியிருந்தால் ரீயின்ஃபோர்ஸ்மென்ட்டை அந்த வளைவுக்கென்றே ஒதுக்கி வைக்கிறேன்; முன்னால் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அங்கே இறக்குவதில்லை. சவாலுக்கு நுழையும் முன் ஸ்டார்களைத் திரும்ப எடுத்து, பூட்டிய டவர் வரிசைகளில் ஒன்றும் போடாமல் மொத்தத்தையும் ரீயின்ஃபோர்ஸ்மென்ட்டிலும் ரெயின் ஆஃப் ஃபயரிலும் திறந்திருக்கும் டவர்களிலும் கொட்டுகிறேன். ரீயின்ஃபோர்ஸ்மென்ட் கடைசி நிலைக்குப் போனால் அவர்கள் ஈட்டி எறிவார்கள், பறக்கிறவற்றையும் தொடும். இந்த அப்கிரேடுகளுக்கும் ஓர் உச்ச வரம்பு சவாலில் இருக்கும், மெனுவில் காட்டும், பார்த்துவிட்டுப் போடுங்கள்.

டார்க் டவர் லெவலின் அயர்னை இப்படித்தான் முடித்தேன். வேறு வழியில் முடித்தவர்கள் இருந்தால், எந்த மேட்டில் எதைக் கட்டினீர்கள் என்பதோடு கொடியை எங்கே வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.